கையேட்டுக்கு வேலை இல்லை

மஞ்சள் இன்னும் அலாரம் அத்தியாயத்துக்கு வந்து சேரவில்லை. வரும்போது வரட்டும் என்று அமலோற்பவம் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். வரட்டும் என்று சொன்ன அதே மனசு வராமலே போகட்டும் என்றும் வேண்டிக்கொண்டிருந்தது. மேஜையில் டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. சாப்பாட்டு வேளை முடிந்தும் பாதிப் பேர் கேன்டீனில் அரட்டையில் இருந்ததால் தளம் முழுக்க ஏசியின் உறுமல் மட்டும்தான். சரவணம்பட்டியில் இருக்கும் இந்தக் கம்பெனி, குறைமாதக் குழந்தைகளைக் கிடத்துகிற இன்குபேட்டருக்குள் ஓடும் மென்பொருளை எழுதுகிறது. அந்தக் கண்ணாடிப் பெட்டியை எப்படிக் கையாள வேண்டும் என்று நர்சுகளுக்குச் சொல்கிற கையேட்டை எழுதுவது அமலோற்பவம். அதனால் ஆபீசில் அவள் பெயர் மேனுவலக்கா. ஞானஸ்நானத்தில் வைத்த பெயரைச் சம்பளச் சீட்டில் மட்டும் பார்க்கலாம். சாயங்காலம் மென்பொருளின் புதுப் பதிப்பு ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. கையேட்டில் இருப்பதும் பெட்டி செய்வதும் ஒன்றுதான் என்று அவள் சொன்னால் போகும், சொல்லாவிட்டால் நிற்கும். இத்தனை வருஷமும் அதை அவள் பாதி நம்பிக்கையிலும் பாதி ஜெபத்திலும்தான் சொல்லிவந்திருக்கிறாள். இன்றைக்குத்தான் கண்ணால் பார்க்கிறாள். நிரல் எழுதுகிற பையன் ஹரிஹரசுதன் உட்கார்ந்து செய்துகொடுத்த புதுக் கருவி, கையேட்டின் ஒவ்வொரு பத்தியையும் அது பேசுகிற மென்பொருள் நிரல் எங்கே இருக்கிறதோ அதோடு முடிச்சுப் போட்டுவைத்திருக்கிறது. பத்தி எழுதப்பட்ட பிறகு அந்த நிரலை யாராவது தொட்டிருந்தால் பத்தி மஞ்சளாகும், தொடாதிருந்தால் வெள்ளையாகவே கிடக்கும். அவன் சொல்லக் கேட்டபோது, இவ்வளவுதானா என்று இருந்தது. ஓடவிட்டுப் பார்த்தபோது அவளுக்குக் கை மயிர் சிலிர்த்துவிட்டது.

பெட்டியைச் சுவரிலிருந்து தள்ளி வைக்கவும் என்ற பத்தி வெள்ளையாகவே நின்றது, அதற்குச் சுவர் போதும், நிரல் எதற்கு. அதற்கு அடுத்தது மஞ்சள். அதற்கு அடுத்ததும் மஞ்சள். வெப்பம் ஏற்றுவது, ஈரப்பதம் வைப்பது, குழந்தையின் வயிற்றில் ஒட்டுகிற உணரியைச் சரிபார்ப்பது என்று திரை கீழே போகப்போக ஒன்றன்பின் ஒன்றாக நிறம் ஏறியது, சத்தமே இல்லாமல், எங்கோ அடியில் ஈரம் கசிந்து சுவரில் மேலேறுகிற மாதிரி. இவ்வளவுமா? அவள் எழுதி, திருத்தி, அச்சுக்குக் கொடுத்து, இனி இது நிற்கும் என்று வீட்டுக்குப் போய் மீன்குழம்புக்குத் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அடியில் எல்லாம் நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. ஒரு மஞ்சளைத் தொட்டுப் பார்த்தாள். அந்தப் பத்திக்குக் கீழே இருக்கிற நிரலின் வரலாறு முழுக்க அவிழ்ந்து விழுந்தது: யார் தொட்டது, எதற்குத் தொட்டது, எந்த வரியை எடுத்து எந்த வரியை வைத்தது. கனடாவுக்குப் போய்விட்ட மகிழ்நன் இருந்தான், தீபாவளிக்கு முந்தின நாள் ஊருக்குப் பஸ் ஏறுவதற்கு முன் ஒரு சின்ன எண்ணை மாற்றிவிட்டுப் போயிருக்கிறான். கல்யாணத்தோடு வேலையை விட்ட யாழினி இருந்தாள், அவள் முகம்கூட மறந்துவிட்டது, அவள் வைத்த வரி மறக்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. பெயர் தெரியாத எத்தனையோ பேர். யாருமே கண்ணில் பார்க்கப்போகாத ஏதோ ஒரு குழந்தையின் உடம்புச் சூட்டுக்காக ஆளுக்கொரு வரி நகர்த்தி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆண்டவரே, இதன் மேலேயா நான் இத்தனை நாளும் நடந்துகொண்டிருந்தேன் என்று அவளுக்குத் தோன்றியது. பயமும் பக்தியும் ஒன்றாகக் கலந்த என்னவோ ஒன்று நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. சின்ன வயதில் கன்னியாகுமரிப் பாறையில் நின்று முதன்முதலாக மூன்று பக்கமும் தண்ணீரைப் பார்த்தபோது அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இப்போது பிடிக்க யாரும் இல்லாததால் எலிப்பொறியைப் பிடிப்பது போல மவுசைப் பிடித்துக்கொண்டாள்.

பயப்பட என்ன இருக்கிறது, மஞ்சளென்றால் தப்பு என்று அர்த்தமில்லை என்று அவளே தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஒருத்தன் ஒரு பெயரை மாற்றியிருப்பான், ஒருத்தி ஒரு இடைவெளியைச் சரிசெய்திருப்பாள், கையேட்டுக்கு அதனால் ஒன்றும் இல்லை. ஆனால் எது அப்படி, எது அப்படி இல்லை என்று யார் சொல்வது? சொல்லத்தான் ஏற்பாடு இருக்கிறதே. நிரலில் யார் எதை மாற்றினாலும் உள்ளே சேர்ப்பதற்கு முன் ஒரு கேள்வி வரும்: இதனால் கையேட்டில் மாற்றம் உண்டா? உண்டு என்று போட்டால் அவள் மேஜைக்குத் தகவல் வரும், இரண்டு பேரும் உட்கார்ந்து பேச வேண்டும், மாற்றம் அன்றைக்குச் சேராது. கையேட்டுக்கு வேலை இல்லை என்று டிக் அடித்தால் அந்த நிமிஷமே சேர்ந்துவிடும், டீ குடிக்கப் போகலாம். பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னலில் கோயில் தெரிந்தால் பேச்சை நிறுத்தாமலே கன்னத்தில் போட்டுக்கொள்கிற மாதிரி, இங்கே எல்லாருக்கும் அந்த டிக்கில் கை தானாகப் போகும். கெட்ட எண்ணம் கிடையாது. யோசிக்கிற வேலையை அந்த டிக் மிச்சப்படுத்துகிறது, அவ்வளவுதான். அவளும் கூட்டம் போட்டுச் சொல்லிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், ஒருமுறை கிறிஸ்துமஸுக்கு அச்சுமுறுக்கு கொண்டுவந்து கொடுத்து, தின்னும்போது சொன்னால் ஏறுமா என்றும் பார்த்தாள். முறுக்கு தீர்ந்தது. டிக் தீரவில்லை. கையேட்டை யாருங்க்கா படிக்கிறா, பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காம அலமாரியில போட்டுருவாங்க என்று ஒருத்தன் சிரித்துக்கொண்டே சொன்னான், அவளும் கூடச் சிரித்தாள், வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தச் சிரிப்பு முள்ளாகக் குத்திக்கொண்டு வந்தது. இருக்கலாம். யாரும் படிக்காமல் இருக்கலாம். ஆனால் படிக்கிற ஒருத்தி எங்கேயாவது இருந்து, அவள் படிக்கிற வரி பொய்யாக இருந்தால்?

எந்த வரி என்று யோசிக்கவே தேவையில்லை, அது அவளுக்கு மனப்பாடம். மணிப் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் ஒலி நிற்கும். குழந்தையின் உடல் வெப்பம் அதற்குள் சீராகாவிட்டால் இரண்டு நிமிடத்தில் ஒலி மீண்டும் எழும். கையேடு முழுக்க ஆயிரம் வரி இருந்தாலும் அவளுக்கு இந்த ஒன்று போதும், மற்றதெல்லாம் இதற்கு உறை என்றுகூட அவள் நினைப்பதுண்டு. அவள் மகள் ஆன்சி ஏழாம் மாதத்திலேயே அவசரப்பட்டுப் பிறந்தவள். நாகர்கோவிலில் ஆஸ்பத்திரி அறைக்கு வெளியே கண்ணாடி வழியாக அமலோற்பவம் பார்த்துக்கொண்டு நின்றாள், உள்ளே வேறு ஏதோ கம்பெனியின் பெட்டி, அதற்குள் தோலுரித்த கோழிக்குஞ்சு அளவுக்குத் தன் பிள்ளை. பெட்டி கத்தியது. ஒரு சிஸ்டர் வந்து பொத்தானை அமுக்கிவிட்டு, "ஒண்ணும் இல்லம்மோ, பேடிக்காதீங்க" என்று இவளைப் பார்த்துச் சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்கு ஓடினாள், அங்கே அதைவிட அவசரம். சத்தம் நின்றுவிட்டது. சத்தம் நின்றால் சரியாகிவிட்டது என்றுதானே அர்த்தம்? இவளும் அப்படித்தான் நினைத்து மூச்சு விட்டாள். பிறகு அது மறுபடி கத்தியது. கத்திய கத்தலில் சிஸ்டர் திரும்பி வந்து பார்த்தபோது உணரி வயிற்றை விட்டு நழுவி, பிள்ளை குளிர்ந்துகொண்டிருந்தாள். மறுபடி கத்தாமல் இருந்திருந்தால் என்கிற இடத்துக்கு வந்தால் அவள் நினைப்பு எப்போதும் கால் இடறி நின்றுவிடும், அதற்கு அப்பால் ஒரு அடி வைத்ததில்லை, வைக்கவும் மாட்டாள். போன் அதிர்ந்தது. ஆன்சிதான். "அம்மா, பப்படம் எங்க வச்சிருக்க?" "எதுக்கு மக்ளே? அடுப்புப் பக்கம் போவாத, நான் வந்து பொரிச்சுத் தாரேன், கேட்டியா?" "நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்று வைத்துவிட்டது. சின்னப் பிள்ளை இல்லைதான், போன வாரம் இவள் செருப்பு அதற்குச் சரியாக இருந்தது. உள்ளங்கையில் அடங்கிய ஒன்று வளர்ந்து அம்மாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு நடப்பதைவிடப் பெரிய அதிசயம் என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். அலாரம் அத்தியாயம் ஏறியிருந்தது. அந்த வரி இருந்த பத்தி மஞ்சளாக இருந்தது.

உடனே தொட முடியவில்லை. விரல் இருக்கிறது, மவுஸ் இருக்கிறது, ஒரு அழுத்து போதும், முடியவில்லை. மஞ்சளென்றால் தப்பு என்று அர்த்தமில்லை என்று இப்போதுதானே சொன்னாய், அதையே திரும்பச் சொல்லு. சொன்னாள். நிற்கவில்லை. இந்த வரியைத் தொட்டவன் என்ன செய்திருப்பான், இரண்டை மூன்று நிமிஷமாக்கியிருப்பான், அப்படியென்றால் ஒரு எண்ணைத் திருத்தினால் போதும். இல்லை, ஒலியின் சுருதியை மாற்றியிருப்பான், அதற்குக் கையேட்டில் ஒன்றுமே வேண்டாம். இல்லை. இல்லை என்றால்? எங்கேயோ ஒரு ஊரில், இந்தப் பெட்டியின் முன்னால், ஒருத்தி பொத்தானை அமுக்கிவிட்டு, மறுபடி கத்தும் என்று இவள் எழுதியதை நம்பி அடுத்த பெட்டிக்கு ஓடுகிறாள், கண்ணாடிக்கு வெளியே ஒருத்தி மூச்சு விடுகிறாள், சத்தம் இல்லை, சத்தமே இல்லை. அமலோற்பவத்துக்குக் காது அடைத்தது. பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. ஹரிஹரசுதன் கேன்டீனிலிருந்து வந்துவிட்டான், கையில் யாருக்கோ கட்டிக்கொண்டுவந்த பஜ்ஜிப் பொட்டலம். "அக்கா, ஓடி முடிஞ்சுதுங்களா? நல்லா பளபளன்னு மஞ்சள் குளிச்சுட்டு நிக்குதுங்க போல?" என்று சிரித்தான். தான் கட்டிய கருவி வேலை செய்வதைப் பார்க்கிற ஆனந்தம் அவனுக்கு. அவள் சிரிக்காததைப் பார்த்ததும், "என்னுங்க்கா, ஏதாச்சும் தப்பாக் காட்டுதுங்களா?" என்றான். "அங்கயே நில்லு தம்பி, ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு, யாரோ பார்க்க நின்றால்தான் ஊசிக்குக் கை நீட்ட முடிகிற குழந்தை மாதிரி, அவன் நிற்கிறான் என்ற தைரியத்தில் அழுத்தினாள்.

வரலாறு விரிந்தது. முதலில் கண்ணில் பட்டது ஒரு மாற்றம், சில வாரங்களுக்கு முன்பு. தொட்டவன் வேறு யாருமில்லை, பின்னால் பஜ்ஜியோடு நிற்கிறவன்தான். குறிப்பு ஆங்கிலத்தில் இருந்தது, இவர்கள் எல்லாரும் அதில்தான் எழுதுவார்கள். தமிழில் சொன்னால், அலாரம் பகுதியில் தேவையில்லாத வரிகளை நீக்கி ஒழுங்குபடுத்தியது, சின்ன வேலை. நீக்கிய வரிகள் சிவப்பில் கிடந்தன. அவள் நிரல் எழுதுகிறவள் இல்லை, ஆனால் இத்தனை வருஷம் அதன் பக்கத்தில் குடியிருந்தவளுக்கு இது புரியும்: பொத்தானை அமுக்கியபின் வெப்பம் சீராகவில்லை என்றால் மறுபடி ஒலி என்று சொல்கிற அந்த வரிகள்தான். போய்விட்டன. இதையே வேறு ஒரு இடமும் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்து, இரட்டையாக இருக்கிறது என்று எடுத்துவிட்டிருக்கிறான். பக்கத்தில் அந்த டிக். கையேட்டுக்கு வேலை இல்லை. தேதியை இன்னொருதரம் பார்த்தாள். அப்புறம்தான் கோபம் வந்தது. சின்ன வேலையாடா? பிள்ளை உயிர் உனக்குச் சின்ன வேலையா? எழுந்து திரும்பி ஓங்கி ஒன்று வைத்தால் என்ன என்று நினைத்தாள், பஜ்ஜியோடு சேர்த்து. ரிலீஸை நிறுத்தச் சொல்ல வேண்டும், இப்போதே சொல்ல வேண்டும். சொன்னால் மேலே இருக்கிறவர்கள் ஏன் இதுவரைக்கும் பார்க்கவில்லை என்று கேட்பார்கள், கேட்கட்டும். போனை எடுக்கக் கை நீட்டினாள், அதற்குள் பழக்கதோஷத்தில் இன்னொரு கை சக்கரத்தை உருட்டிவிட்டது. அதற்கு மேலே இன்னொரு மாற்றம் இருந்தது. மறுவாரத் தேதி. அதே ஆள். சிவப்பில் கிடந்த அதே வரிகள், இடம் மாறாமல், எழுத்து மாறாமல், பச்சையில் திரும்பி வந்திருந்தன.

குறிப்பை மூன்றுதரம் படித்தாள். முதல்தரம் கண் மட்டும் படித்தது. ஹரி எழுதியிருந்தது இது: கூடலூர்ப் பக்கத்து ஆஸ்பத்திரியில் புதுப் பதிப்பைச் சோதனைக்கு வைத்திருந்தார்கள். அங்கே இருக்கிற நர்ஸ் போன் செய்தார். ஒலி நின்றால் மறுபடி எழும் என்று கையேட்டில் போட்டிருக்கிறது, பெட்டி எழுப்பவில்லை, பெட்டியில் ஏதோ கோளாறு, வந்து பாருங்கள் என்றார். கையேட்டை எடுத்துப் பார்த்தேன். கையேடுதான் சரி. நிரலைப் பழையபடி ஆக்கிவிட்டேன். அவ்வளவுதான் எழுதியிருந்தது. அமலோற்பவம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், துடைக்க வேண்டியது கண்ணாடி இல்லை. பிளாஸ்டிக் கவரை ஒருத்தி பிரித்திருக்கிறாள். மலை மேல், பெயர் தெரியாத ஒருத்தி, பொத்தானை அமுக்கிவிட்டு, அந்த வரியை நம்பி, இரண்டு நிமிஷம் காத்து நின்றிருக்கிறாள். சத்தம் வரவில்லை என்றதும் அவள் கையேட்டைச் சந்தேகப்படவில்லை. பெட்டியைச் சந்தேகப்பட்டிருக்கிறாள். இவ்வளவு பெரிய பெட்டி, அதற்குள் இத்தனை பேர் கைபட்ட இத்தனை லட்சம் வரிகள், அதையெல்லாம் ஒரு பக்கம் தள்ளிவிட்டு, இவள் எழுதிய ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். இதுவரை, அடியில் எல்லாம் நகர நகரத் தன் எழுத்து அதன் பின்னால் மூச்சிரைக்க ஓட வேண்டும் என்றுதான் அமலோற்பவம் நினைத்திருந்தாள். அந்தக் கடலில் ஓரிடத்தில், ஒரே ஒருதரம், தண்ணீர் திரும்பி இவள் நின்ற இடத்துக்கு வந்திருக்கிறது. நெஞ்சு கொள்ளவில்லை. நாகர்கோவில் சிஸ்டரின் முகம் ஞாபகம் வந்தது, அவர் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டோமே என்றும் வந்தது.

"ஹரி" என்றாள். "இதை நீ எடுத்துட்டுத் திரும்ப வச்சிருக்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

அவன் குனிந்து திரையைப் பார்த்தான், நினைவுக்குக் கொண்டுவரவே அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "அட, இதுங்களா? ஆமாங்க்கா, நான்தான் முட்டாத்தனமா எடுத்துப்போட்டேன். அந்தச் சிஸ்டர் போன்ல என்னைய ஒரு பிடி பிடிச்சிட்டாங்க, பக்கத்தைத் திறந்து வச்சு வரி வரியாப் படிச்சுக் காட்டுறாங்க." பிறகு நிஜமாகவே புரியாமல் அவளைப் பார்த்தான். "ஆனா உங்ககிட்ட என்னத்தச் சொல்றதுங்க்கா? நீங்க எழுதுனது சரியாத்தானே இருந்துச்சு. அதுல உங்களுக்கு என்ன வேலை?"

அவன் நீட்டிய பொட்டலத்திலிருந்து ஒரு வாழைக்காய் பஜ்ஜியை எடுத்துக்கொண்டாள். எண்ணெய் விரல் படாமல் மணிக்கட்டால் மவுசை நகர்த்தி, அந்த இரண்டாவது மாற்றத்தின் அடிப்பகுதிக்குப் போனாள். அங்கேயும் அதே டிக் இருந்தது, அவன் கை பழக்கத்தில் அடித்த டிக், அவள் இத்தனை வருஷமும் சபித்துவந்த டிக். கையேட்டுக்கு வேலை இல்லை. இல்லைதான் என்று அமலோற்பவம் நினைத்தாள். "மீதி மஞ்சளையும் பாத்துட்டு வாரேன் தம்பி, சரியா இருந்தா சாயங்காலம் போகட்டும்" என்று சொல்லிவிட்டு, ஆறிய டீயைக் குடித்தாள்.